நல்லா வருது, நிறுத்தாதே

அக்டோபர் 6, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். காலையில் மூச்சு அளக்கும் மீட்டரில் ஊதினால் முள் எங்கே நிற்கிறது, இரவில் எத்தனை முறை இருமி எழுந்தேன், நீல பம்ப் எத்தனை முறை அடித்தேன். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். அதைத் தனியாக ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். இந்த டைரி என் கோபத்துக்கு. என் கணவர் சற்குணம் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஜனவரியில் கொடுத்தது. ஒன்பது மாதமாகக் காலியாகக் கிடந்தது.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. வைரல் என்றார்கள். மூன்று நாள் படுத்தார்கள், ஒரு வாரம் இருமினார்கள், பிறகு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கொண்டுவந்து ஒட்டிய சற்குணமே ஐந்தாம் நாள் பிரியாணி சாப்பிட்டார். எனக்கு மட்டும் காய்ச்சல் போயும் இருமல் போகவில்லை. இரண்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். படுத்தால் நெஞ்சுக்குள் விசில் சத்தம்.

சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. மார்கழியில் நாலு நாள் வரும், நீல பம்ப் இரண்டு அடித்தால் அடங்கிவிடும். வாங்கிய பம்ப் பாதி தீராமல் கைப்பையிலேயே காலாவதியாகும். அப்படிச் சும்மா கிடந்ததை இந்த வைரஸ் கிளப்பிவிட்டுப் போயிருக்கிறது.

நெஞ்சு டாக்டர் மெஹரூன் நிதானமாகப் பேசினார். வைரஸ் போய்விட்டது, ஆனால் மூச்சுக்குழாயின் உள்பக்கம் வீங்கிப்போய் இருக்கிறது, எது பட்டாலும் சுருங்குகிறது. நீல பம்ப் அந்த நேரத்துக்குக் குழாயை விரித்துவிடும், வீக்கத்தைக் குறைக்காது. குறைப்பது ஆரஞ்சு பம்ப். காலையில் இரண்டு, இரவு இரண்டு. "நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்தக் கூடாதும்மா. நல்லா இருக்கறதே அதனாலதான்" என்றார். சரி என்றேன்.

வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண்மீதுதான் எனக்கு ஆத்திரம். பெயர் கேட்டாள், வயது கேட்டாள், தமயந்தி, நாற்பத்தாறு. தொழில் என்ற இடத்தில் என் முகத்தையும் புடவையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அவளாகவே ஹவுஸ் ஒய்ஃப் என்று அடித்துக்கொண்டாள். திருத்தியிருப்பேன். திருத்துவதற்கு மூச்சு இல்லை. நான்கு வருஷமாக இரவு எட்டரை மணிக்கு அவள் வீட்டிலும் என் குரல்தான் அழுதுகொண்டிருக்கும்.

அக்டோபர் 8, புதன்

கொசுவர்த்தி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊதுபத்தி வேண்டாம். தாளிப்புப் புகை வேண்டாம். சற்குணத்தின் சட்டையிலிருந்து வரும் மை வாடையும் தின்னர் வாடையும் வேண்டாம். வந்ததும் சட்டையை பால்கனியில் கழற்றிப் போடச் சொன்னேன். மழையில் நனைந்துவிட்டது. அதற்கும் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பிழிந்து காயப்போட்டார். எதிர்த்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் தேவலை.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்று வாரம் கழித்து ஸ்டூடியோவுக்குப் போனேன்.

பிராச்சி என்ற மும்பைப் பெண் எட்டரை மணி சீரியலில் வான்மதியாக நடிக்கிறாள். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. வசனம் நீளமாக இருந்தால் ஏக் தோ தீன் என்று உதட்டை அசைத்துவிட்டுப் போய்விடுவாள். அந்த எண்களுக்குள் நான் பாசத்தையும் சாபத்தையும் வைக்க வேண்டும். வைத்திருக்கிறேன். அவளுக்கு இரண்டு வருஷமாகச் சிறந்த நடிகை விருது கிடைக்கிறது. நல்ல பெண்தான், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

சால்ட் வாட்டர் கொப்பளித்து, வெந்நீர் குடித்து, பூத்துக்குள் மைக் முன்னால் நின்றேன். முதல் நான்கு வரி சரியாக வந்தது. ஐந்தாவது வரியில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் என் குரல், இன்னொரு பக்கம் காகிதம் கிழிகிற சத்தம். சவுண்ட் இன்ஜினியர் ஆல்வின் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்ஸ் மோர் மேடம் என்றான். ஒன்பது தடவை.

அக்டோபர் 13, திங்கள்

ஆரஞ்சு பம்ப்தான். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை லென்ஸ் வைத்துப் படித்தேன். தொண்டைக் கரகரப்பு ஏற்படலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. சமையல்காரியின் கையை வாங்கிக்கொண்டு வயிற்று வலிக்கு மருந்து கொடுப்பதுபோல் இருக்கிறது.

டப்பிங் பொறுப்பு ரகோத்தமன் சாருடையது. பதினெட்டு வருஷப் பழக்கம். எனக்கு முதல் வாய்ப்பு கொடுத்தவர். இன்று மதியம் டீ வரவழைத்து, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அக்கறையாகத்தான் சொன்னார். குரல் கனமாக இருக்கிறது, சானலில் கேட்கிறார்கள், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு பெண்ணை டெஸ்ட் எடுத்து வைத்திருக்கிறார். "தப்பா எடுத்துக்காதீங்க தமயந்திம்மா. ஒரு பேக்கப்தான்."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். டீ ஆறிப்போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இரவு சற்குணம் மருந்து எடுத்தாயா என்று கேட்டார். எடுத்தேன் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

குரல் திரும்பிவிட்டது. இன்று மூன்று எபிசோடு முடித்தேன். ரகோத்தமன் சார் வெளியிலிருந்து டாக்பேக் மைக்கில் கை தட்டினார்.

நீல பம்ப் காலையில் இரண்டு, பூத்துக்குள் போகுமுன் இரண்டு, மதியம் இரண்டு, வீட்டுக்கு வந்ததும் இரண்டு. கை லேசாக நடுங்குகிறது. ஃபிரிட்ஜ் தாளில் நான்கு என்று எழுதினேன், எட்டு என்று எழுதினால் சற்குணம் பார்ப்பார். ஆரஞ்சு எடுத்தாயா என்றார். சமையலறையிலிருந்தே ம் என்றேன். நாலு நாளாக இதே கேள்வி. பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஹோம்வொர்க் கேட்பதுபோல.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி சுருட்டி வைத்தேன். அப்படியும் வந்தது. கீழ் வீட்டுக்காரர் மழை என்று மாடிப்படித் திருப்பத்திலேயே புஸ்வாணம் கொளுத்தினார். புகை நேராக எங்கள் கதவுக்கு வந்தது. கதவைத் திறந்து கத்தினேன், கத்தல் பாதியில் இருமலாகிவிட்டது. "வருஷத்துல ஒரு நாள்தானே ஆன்ட்டி" என்றார். அவருக்கு வயது ஐம்பது இருக்கும். அவர் என்னை ஆன்ட்டி என்கிறார்.

மத்தியானம் அவர் மனைவி அதிரசம் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். உட்கார்ந்தபடியே தூங்க முயன்றேன். சற்குணம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மூன்று தடவை சொன்னார். தீபாவளி அன்றைக்கா என்று எரிந்து விழுந்தேன்.

அக்டோபர் 22, புதன்

நாளை குடோன் தீப்பிடிக்கிற காட்சி. முழுக்க என் காட்சி. பேக்கப் பெண்ணுக்கு இதெல்லாம் வராது.

அக்டோபர் 25, சனி, ஆஸ்பத்திரி

கையில் ஊசிக் குழாய் இருக்கிறது, எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை. வான்மதியை அவள் குழந்தையிடமிருந்து பிரித்து வில்லன் பருத்தி குடோனுக்குள் பூட்டிவிட்டுத் தீ வைக்கிறான். அவள் கதவைத் தட்டுகிறாள், புகையில் இருமுகிறாள், மூச்சு திணறி விழுகிறாள். வசனம் குறைவு, மூச்சுதான் முழுக்க. எனக்கு இது புதிதில்லை. எத்தனையோ பேருக்காகச் செத்திருக்கிறேன். மூச்சை எங்கே இழுக்க வேண்டும், எங்கே தொண்டையில் தடுக்க வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்று தெரியும்.

பூத்துக்குள் யாரோ ரூம் ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். மல்லிகை. கதவு மூடியிருந்தது, ஏசி பதினெட்டில் இருந்தது. இரண்டு டேக் நன்றாகப் போனது. ரகோத்தமன் சாருக்கு இன்னும் வேண்டும். மூன்றாவது டேக்கில் இருமலை நான் ஆரம்பித்தேன், பிறகு அது தானாகப் போக ஆரம்பித்தது. இழுத்தேன், உள்ளே வரவில்லை. கைப்பை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோபாவில் இருந்தது. பம்ப் அதற்குள். திரையில் பிராச்சி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். ஹெட்போனில் ரகோத்தமன் சாரின் குரல் கேட்டது: "சூப்பர் தமயந்திம்மா. அப்படியே போங்க. அப்படியே போங்க."

போனேன். மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து கீழே விழுந்தேன். பிறகு ஆல்வின் கதவைத் திறந்ததும் ஆட்டோவின் சீட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆவி மருந்து முகமூடிக்குள் முதல் மூச்சு உள்ளே போனபோது அழுதேன் என்று நர்ஸ் சொன்னாள். அதை நான் நம்பவில்லை.

டாக்டர் மெஹரூன் நேற்று வந்தார். என் கைப்பையிலிருந்து ஆரஞ்சு பம்பை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் இன்னும் எத்தனை அடி பாக்கி என்று எண் ஓடும் என்பது எனக்குத் தெரியாது. திருப்பிப் பார்த்தார், சற்குணத்திடம் காட்டினார். முதல் வாரத்துக்கு மேல் ஒரு அடிகூடக் குறைந்திருக்கவில்லை. சற்குணம் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

ஏன் என்று டாக்டர் கேட்டார். குரல் போகிறது என்றேன். உங்கள் குரலுக்கு என்ன என்றார். நான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட் என்றேன். அவர் தன் கணினியைப் பார்த்தார், அதில் ஹவுஸ் ஒய்ஃப் என்று இருந்திருக்கும்.

"இத முதல்லயே சொல்லியிருந்தா ஸ்பேசர் குடுத்திருப்பேன். அந்தக் குழாய் வழியா எடுத்தா மருந்து தொண்டையில அவ்வளவா படியாது. எடுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும். அப்பவும் கரகரப்பு இருந்தா மருந்தையே மாத்தலாம். வழி எவ்வளவோ இருக்கும்மா. நிறுத்தறது மட்டும் வழியில்ல."

கேட்கவில்லையே என்று நான் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டியது அவர், சொல்லியிருக்க வேண்டியது நான். இரண்டு பேருமே செய்யவில்லை. கோபத்தை யார்மீது வைப்பது என்று தெரியாமல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். ரசம் சாதம். சற்குணம் துடைத்தார்.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று வீட்டுக்கு வந்தோம். ஐந்து நாளைக்கு மாத்திரை. ஸ்பேசர் பிளாஸ்டிக் பாட்டில்போல் இருக்கிறது. சற்குணம் வேளைக்கு அதை மேஜைமேல் எடுத்து வைக்கிறார், எடுத்தாயா என்று கேட்பதில்லை. என் பக்கத்தில் நின்று பார்க்கிறார். நான் பொய் சொல்கிறவள் என்று ஆகிவிட்டது. ஆம்தான். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

ரகோத்தமன் சார் வந்தார். ஆப்பிள், மாதுளை, ஹார்லிக்ஸ். பத்து நிமிஷம் நலம் விசாரித்தார். பயந்துட்டோம்மா என்றார். சற்குணம் காபி போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும்போது, சந்தோஷமான செய்தி சொல்வதுபோல் சொன்னார். அந்த மூன்றாவது டேக்கைத்தான் வைத்திருக்கிறார்களாம். சானலில் கேட்டவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். ப்ரோமோவும் அதே சத்தத்தில் வெட்டி நேற்று இரவிலிருந்து ஓடுகிறதாம். "அவ்வளவு நேச்சுரலா இருக்கும்மா. உங்க கேரியர்லயே பெஸ்ட்."

எந்த டேக் என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன். அவர் மறுபடி சொன்னார்.

அது நடிப்பில்லை, அதை எடுத்துவிடுங்கள் என்றேன். சிரித்தார். ப்ரோமோ போய்விட்டது, எபிசோடு அடுத்த புதன்கிழமை, மிக்ஸிங் முடிகிற நேரம், நீங்கள் முதலில் உடம்பைப் பாருங்கள் என்றார். செருப்பு மாட்டும்போது சற்குணத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இரவு எட்டரைக்கு முன்னால் விளம்பர இடைவேளையில் வந்தது. நான் பார்க்கவில்லை, சமையலறையில் இருந்தேன். எங்கள் வீட்டு டிவி அணைந்திருந்தது. கீழ் வீட்டிலிருந்து கேட்டது. எதிர் வீட்டிலிருந்து அரை நொடி தள்ளிக் கேட்டது. என் மூச்சு இழுக்கிறது, மாட்டிக்கொள்கிறது, இழுக்கிறது. சட்டினி அரைத்துக்கொண்டிருந்தவள் மிக்ஸியை நிறுத்தாமல் ஓடவிட்டேன், சட்டினி கூழாகும்வரை, மிக்ஸி சூடாகி வாடை வரும்வரை.

அக்டோபர் 29, புதன்

கீழ் வீட்டுப் பெண் படியில் நிறுத்தி, ப்ரோமோ பார்த்தேன் ஆன்ட்டி, கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பிராச்சி என்னமா நடிச்சிருக்கா என்றாள். அவள் வீட்டுக்காரர் வைத்த புஸ்வாணம் அந்த நடிப்பில் பாதி என்று சொல்லியிருக்க வேண்டும்.

மாலை ஆல்வின் போன் செய்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அதிர்ந்து பேசாதவன். எப்படி இருக்கீங்க மேடம் என்று கேட்டுவிட்டு அதையே மறுபடி கேட்டான். என்ன ஆல்வின் என்றேன்.

"நான் ஸ்டாப் பண்ணப் போனேன் மேடம். நீங்க கண்ணாடியத் தட்டும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சார் என் கையப் புடிச்சாரு. நல்லா வருது, நிறுத்தாதே, இன்னும் கொஞ்சம் தாங்குவாங்கன்னாரு."

தாங்குவாங்க என்றா சொன்னார் என்று கேட்டேன்.

"ஆமா மேடம். அப்புறம் எடிட்ல... நீங்க நடுவுல போதும் சார்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டு தடவ. அத மட்டும் கட் பண்ணிட்டு மூச்ச ஒட்டச் சொன்னாரு. ஒட்டுனது நான்தான்."

நான் போதும் என்று சொன்னது எனக்கே ஞாபகம் இல்லை.

ஆல்வினைத் திட்டினேன். நீதானே வெட்டினாய், உனக்குக் கையில்லையா, கதவைத் திறக்கத் தெரியாதா என்று. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன்தான் கதவைத் திறந்தவன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் 30, வியாழன்

தெரியாமல் நடந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரியாமல் செய்தவரை மன்னித்து, பிறகு கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் இருந்து, பிறகு சரியாகிவிடுவேன். பதினெட்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. இது வேறு.

ரகோத்தமனுக்குப் போன் செய்தேன். இனி என் டைரியில் சார் கிடையாது. ஆல்வின் பேரை எடுக்காமல், எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். முதலில் மறுத்தார். பிறகு, ஆர்ட்டிஸ்ட் உச்சத்தில் இருக்கும்போது எந்த டைரக்டர் கட் சொல்லுவான் என்றார். பிறகு குரல் மாறியது. "உங்க வீட்டுக்காரரே ஆஸ்பத்திரியில சொன்னாரே, மருந்தே எடுக்கலையாமே நீங்க. அதுக்கு நானா பொறுப்பு?"

மருந்து எடுக்காதது என் தவறு, அதை நானும் என் கணவரும் பேசிக்கொள்வோம், போதும் என்று சொன்ன பிறகும் ஓடவிட்டது உங்கள் தவறு, இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள் என்றேன். இந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. மூன்றாகப் பிரித்துச் சொன்னேன். அவர் காத்திருந்தார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் காட்சியை நான் மறுபடி பேசுவேன், அதைத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வான்மதிக்கு இனி வேறு குரல் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு சற்குணத்திடம் சண்டை. யாரைக் கேட்டு அந்த ஆளிடம் சொன்னீர்கள் என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பயத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. குரல் போனால் நான் யார், வீட்டில் சோறு பொங்குகிறவளா, அந்த வரவேற்புப் பெண் அடித்ததுபோல் ஆகிவிடுவேனா என்றெல்லாம் கத்தினேன். அவர் எல்லாம் முடிந்த பிறகு சொன்னார். "நீ பொய் சொன்னது பெருசில்ல தமா. தினமும் கேட்டேன், தினமும் சொன்ன. ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோவுலேர்ந்து உன்ன எறக்கறப்ப உதடு நீலமா இருந்துச்சு. எனக்கு இன்னும் அந்த நிறம் போகல."

வேண்டுமென்றே பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன்.

நவம்பர் 1, சனி

பேக்கப் பெண் இரண்டு எபிசோடு பேசிப் பார்த்தாளாம். சானலில் வேண்டாம் என்றுவிட்டார்கள். பாவம், அவள் என்ன செய்வாள். ரகோத்தமன் திங்கட்கிழமை வரச் சொல்லி ஆள் மூலம் தகவல் அனுப்பியிருக்கிறார். அவர் பேசவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். இன்னும் ஒரு வாரம் ஓய்வு என்றார். ஒரே ஒரு காட்சி என்றேன். மீட்டரில் ஊதச் சொன்னார், நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். கதவு திறந்திருக்க வேண்டும், ஸ்ப்ரே கூடாது, நீல பம்ப் கையில் இருக்க வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரும்பிவிட வேண்டும். அப்படியே என் எதிரிலேயே கணினியில் எதையோ திருத்தினார். எட்டிப் பார்க்கவில்லை. என்ன திருத்தினார் என்று தெரியும்.

நவம்பர் 3, திங்கள்

சற்குணம் அச்சகத்துக்கு விடுப்பு போட்டுவிட்டுக் கூட வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் வேலை செய்கிற இடத்தை அவர் பார்த்ததில்லை. கன்ட்ரோல் ரூமில் ஆல்வினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், கோயிலுக்கு வந்தவர்போல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரகோத்தமன் அவருக்கு வணக்கம் சொன்னார், அவர் சொல்லவில்லை.

முதலில் அந்த டேக்கை, வெட்டாததை, போடச் சொன்னேன். எதுக்கு இப்ப என்றார் ரகோத்தமன். நான் ஆல்வினைப் பார்த்தேன். ஆல்வின் போட்டான்.

ப்ரோமோவில் கேட்டது பாதிதான். முழுசாகக் கேட்டபோது அந்த அறையில் யாரும் அசையவில்லை. இருமல், இழுப்பு, கண்ணாடியில் தட்டுகிற சத்தம். நடுவில், ரொம்பச் சின்னதாக, போதும் சார். அதன்மேல் ஹெட்போனிலிருந்து கசிந்து வருகிற அவர் குரல், அப்படியே போங்க. மறுபடி, போதும். அந்தக் குரலில் நான் யாரையும் மிரட்டவில்லை. கெஞ்சியிருக்கிறேன். நான் கெஞ்சியது எனக்குத் தெரியாமலே பதிவாகி இருக்கிறது.

சற்குணம் எழுந்துவிட்டார். ரகோத்தமனுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றார். அவர் கை விரல்களை மடக்கியதை நான் பார்த்தேன். "உக்காருங்க. நான் வேலைய முடிக்கணும்" என்றேன். உட்கார்ந்தார். ரகோத்தமன் கையிலிருந்த தாள்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஏசியைக் குறைக்கவா என்று கேட்டார்.

உள்ளே போனேன். கதவு திறந்திருந்ததால் வராந்தா லைட் பூத்துக்குள் விழுந்தது. காலில் செருப்பு இல்லாமல் நின்றேன். திரையில் பிராச்சி ஓடிவந்தாள்.

நான் நடித்தேன். இருமலை எங்கே தொடங்குவது, எங்கே விக்குவது, எந்த இடத்தில் மூச்சு வரப்போகிறது என்று நம்பவைத்து வராமல் செய்வது, எல்லாம் நானே முடிவு செய்தேன். உண்மையில் மூச்சு நின்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வான்மதியும் இல்லை, அவள் குழந்தையும் இல்லை. வெறும் பயம். இன்று அவள் இருந்தாள். கடைசியில் கதவில் கை வழுக்கும்போது குழந்தையின் பேரை அரை மூச்சில் சொல்லி, மீதியை விட்டுவிட்டேன். அது எழுத்தில் இல்லை. குரலில் கரகரப்பு இருந்தது. புகையில் மாட்டியவளுக்கு இருக்கத்தான் வேண்டும்.

ஒரே டேக். வெளியே வந்து உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது, நீலம் ஒரு அடி. சற்குணம் தண்ணீர் நீட்டினார். இதைத்தான் தினமும் செய்வியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ரகோத்தமன் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டார். இது நல்லா இருக்கும்மா, ஆனா அதுல ஒரு ஃபீல் இருக்கு என்றார். இவ்வளவுக்குப் பிறகும் சொன்னார். மனுஷன் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் கேட்கிறது.

"இத வைங்க. அத என் முன்னால அழிங்க" என்றேன்.

சானலைக் கேட்க வேண்டும் என்று இழுத்தார். கேளுங்கள், இருக்கிறேன் என்று சொல்லிச் சோபாவில் உட்கார்ந்தேன். அடுத்த வாரத்து எபிசோடு ஒன்றுகூட டப்பிங் ஆகவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து ஆல்வினிடம் தலையை ஆட்டினார். ஆல்வின் பழைய டேக்கில் மூச்சு வருகிற பகுதியை என் எதிரிலேயே அழித்தான். மிச்சத்தை, என் போதும் இருக்கிற துண்டை மட்டும், டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் புகார் கொடுப்பதற்காக வாங்கி வந்திருக்கிறேன். சாட்சி சொல்வேன் என்று ஆல்வினே வாய்விட்டுச் சொன்னான், ரகோத்தமன் காதில் விழும்படி.

நவம்பர் 5, புதன்

எபிசோடு வந்தது. என்னுடையது. சற்குணம் பார்க்க மாட்டேன் என்று பால்கனிக்குப் போய்விட்டார். காட்சி முடிந்ததும் வந்து, முடிந்ததா என்று கேட்டார்.

ஆனால் எபிசோடுக்கு முன்னால் ப்ரோமோ மறுபடி ஓடியது. அதை யாராலும் திரும்பப் பெற முடியாதாம். போன்களில் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ப்ரோமோவில் இருந்த அளவுக்கு எபிசோடில் இல்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். முந்நூறு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

முந்நூறு பேரையும் திட்டி ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சங்கத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை அடுத்த மாதம். ரகோத்தமன் நல்ல மனுஷனாச்சேம்மா என்றார் பொருளாளர். ஆமாம், எனக்கு முதல் வாய்ப்பு கொடுத்தவர் என்றேன். கையெழுத்து போட்டேன்.

மாடிப்படியில் இன்று நிற்கவில்லை. கீழ் வீட்டுக்காரரிடம், அடுத்த வருஷம் படியில் கொளுத்தினால் தண்ணீர்க் குடத்தோடு வருவேன் என்று சொல்லி வைத்தேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நவம்பர் 15, சனி

காலையில் தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் பேசினார். விளம்பரப் படம் எடுக்கிறவராம். மரியாதையான குரல். ஏதோ சுவாச மருந்துக்கு விளம்பரமாம், ஒரு பெண் மூச்சுக்குத் தவிக்கிறாள், பதினைந்து செகண்ட். எத்தனையோ பேரை டெஸ்ட் எடுத்தார்களாம், யாருக்கும் சரியாக வரவில்லையாம். அந்த சீரியல் ப்ரோமோவில் நீங்கள் செய்தீர்களே மேடம், அதேபோல் வேண்டும் என்றார். எபிசோடில் வந்தது இல்லை, ப்ரோமோவில் வந்தது.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பால்கனிக் கொடியில் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்த சற்குணம் திரும்பிப் பார்த்தார்.

"அது எனக்கு வராது சார்" என்றேன். "வராம இருக்கத்தான் தினமும் மருந்து எடுக்கறேன்."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, அப்ப எபிசோடுல வந்ததே போதும், வியாழக்கிழமை ஃப்ரீயா மேடம் என்று கேட்டார்.